சர்க்கரை ஏற்றிய கப்பல்

லான்மடாவ், ரங்கூன்
12 அக்டோபர் 2008, ஞாயிறு

டேய் சைமா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் உன்னையும் அப்பாவையும் திட்டித் தீர்க்க வேண்டும். அப்பாவைத் திட்ட முடியாது, அதனால் இரண்டு பங்கும் உனக்கே.

இன்று காலை ஆராதனையில் உன் பெயரை வாசித்தார்கள். சந்தோஷப்படாதே. "கடலில் இருக்கும் நம் பிள்ளைகள்" என்று கப்பல் வேலைக்குப் போன பையன்களுக்காக ஒரு பட்டியல் வாசித்து ஜெபம் பண்ணுவார்களே, அதில் எட்டாவது ஆள் நீ. பட்டியலை எழுதுவது யார்? சபைச் செயலாளர். வாசிப்பது யார்? அதே சபைச் செயலாளர், நம் அருமை அப்பா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரல் கொஞ்சமும் பிசகாமல் "சைமன்" என்று வாசித்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதத்திலிருந்தே யார் கேட்டாலும் "கப்பல்ல இருக்கான்" என்றுதான் சொல்லி வருகிறாராம். முப்பது வருஷம் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர் வாயில் வேறென்ன வரும். நீ மலேசியாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனது வரை ஊரெல்லாம் சொன்னார். அங்கே மார்மன் சபையில் சேர்ந்தாய் பார், அதிலிருந்து வாயை மூடிக்கொண்டார். ஜனவரியில் வீட்டுக்கு வந்தபோது அவர் தன் கையால் ஆற்றிக் கொடுத்த டீயை "எங்க சபையில டீ கூடாதுப்பா" என்று தள்ளி வைத்தாயே, அந்த டம்ளரை அவர் இன்னும் மறக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் குட்டியிருப்பாள். அப்புறம் நீ ஊழியத்துக்கு என்று இரண்டு வருஷம் வரைபடத்தில்கூட இல்லாத தீவுக்குப் போனதை அவர் எப்படி வெளியே சொல்வார்?

அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மாட்டிக்கொண்டது நான். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, என்ன கப்பல், எங்கே போகுது, என்ன ஏத்திக்கிட்டுப் போகுது என்று ஒரே கேள்வி. வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது, வாங்கிப் போக வேண்டும் என்று அந்த நேரம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. "சர்க்கரை" என்று சொல்லிவிட்டேன். இப்போது நீ சர்க்கரைக் கப்பலில் இருக்கிறாய். எந்தத் துறைமுகம் என்று அடுத்த வாரம் கேட்பார்கள். நடைபாதைக் கடையில் ஒரு பழைய உலக வரைபடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

லைங் தாயா தையல் தொழிற்சாலையில் நாற்பது பெண்களை மேய்த்துவிட்டு வருகிறவள் நான். பொய் சொல்கிறவளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். எனக்குப் பொய் சொல்ல வராது. இதற்கு ஒரு வழி சொல்.

உன் கடிதங்களை அப்பா தொடுவதில்லை. நான் சமையலறையில் சத்தமாகப் படிப்பேன். அவர் கூடத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார்.

சாப்பிடுகிறாயா, இல்லையா? மீனைத் தவிர அங்கே வேறென்ன கிடைக்கிறது என்று எழுது.

கோபம் தீராத
சாரா அக்கா


நோனுரா தீவு, கிரிபாட்டி, பசிபிக் கடல்
22 நவம்பர் 2008

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் என்னைத் தேடி இரண்டு தீவு சுற்றிவிட்டு நேற்றுப் படகில் வந்தது. என்னைத் தலைத்தீவிலிருந்து இங்கே மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை வரவில்லை.

நான் கப்பலில் இல்லை அக்கா. வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டிக்கொண்டு மணலில் நடந்து வீடு வீடாகப் போகிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் குடிகாரனாகத் திரிந்திருந்தால்கூட அப்பா "என் மகன் குடிகாரன்" என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. சபைக்கு முன்னால் நின்று, ஜெபம் பண்ணுகிற இடத்தில், பொய் சொல்லியிருக்கிறார். நீயும் சேர்ந்து சர்க்கரை ஏற்றியிருக்கிறாய். இது சரியில்லை. சின்ன வயதில் ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்னேன் என்று அவர் என்னை ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வைத்தது உனக்கு நினைவிருக்கும்.

மன்னித்துக்கொள். உன்மேல் கோபமில்லை. எழுதி முடித்த பிறகு பார்த்தால் பிரசங்கம் மாதிரி இருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

இந்தத் தீவு ஒரு ரிப்பன் மாதிரி. சில இடங்களில் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். என்னோடு இருப்பவர் தோங்கா நாட்டுக்காரர், எல்டர் ஃபினாவ். எல்டர் என்பது எங்கள் ஊழியக்காரர்களைக் கூப்பிடும் பட்டம். நாங்கள் இரண்டு பேராகத்தான் எங்கேயும் போக வேண்டும், அது விதி. அவர் கதவைவிட அகலம். நாய்கள் அவரைப் பார்த்தால் குரைப்பதில்லை, என்னைப் பார்த்தால்தான் குரைக்கின்றன. காலையிலும் சாயங்காலமும் ஆண்கள் தென்னை மரத்தில் ஏறிப் பாளை சீவிக்கொண்டே பாடுகிறார்கள். இறக்கியவுடன் தருகிறார்கள், நம் பதநீர்தான். புளித்ததை நாங்கள் குடிக்கக் கூடாது, இதைக் குடிக்கலாம். மீன் தவிர பலாக்காய், சேம்பு, தேங்காய், அரிசி. போதுமா?

இப்போது முக்கியமான விஷயம். எங்களுக்கு வருஷத்தில் இரண்டே நாள்தான் வீட்டுக்குப் பேச அனுமதி, அன்னையர் தினத்திலும் கிறிஸ்துமஸ் அன்றும். மே மாதம் நர்கீஸ் புயல் அடித்து அங்கே லைனெல்லாம் செத்துக் கிடந்தது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றே எனக்கு மூன்று வாரம் தெரியாது. அதனால் இந்தக் கிறிஸ்துமஸை நான் விட முடியாது. தீவு ஆபீஸில் ஒரே ஒரு டெலிபோன் இருக்கிறது. எனக்குக் கொடுத்த நேரம் மாலை ஐந்தரை, உங்களுக்கு நடுப்பகல் பன்னிரண்டு. கீழே அமீர் அலி அண்ணன் ஆணிக் கடை நம்பருக்குப் பேசுவேன். உன் பதில் அதற்குள் எனக்கு வராது. அதனால் பதில் எதிர்பார்க்காமலே பேசுவேன்.

அப்பா வர வேண்டும் அக்கா. நீ எப்படியும் வருவாய். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். திட்டினாலும் சரி. அவர் வரவில்லை என்றால், இரண்டு வருஷம் முடிந்து நான் எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்பு மறவாத
சைமன்


லான்மடாவ்
9 டிசம்பர் 2008

சைமா,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தொழிற்சாலை ஃபெரி பஸ்ஸைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எழுத முடியாது. வீடு நிறைய ஆட்கள்.

நடந்ததைக் கேள். நேற்று வெளிநாட்டு ரேடியோவில் ஒரு செய்தி. பர்மாக்காரர்கள் வேலை செய்யும் ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி, சனிக்கிழமையிலிருந்து தகவல் இல்லை. புயலில் மாட்டியிருக்கலாமாம். இருபத்தொரு பேர். என்ன சரக்கு தெரியுமா? சர்க்கரை.

உலகத்தில் அரிசி இல்லையா, சிமெண்ட் இல்லையா, தேக்கு இல்லையா? எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பேன்.

செய்தி முடிந்து ஒரு மணி நேரத்தில் போதகர் வந்துவிட்டார். பின்னாலேயே பெண்கள், தூக்குச் சட்டிகளோடு. நம் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாதாம். உனக்காகத் தொடர் உபவாச ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கும்பிடுகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போய் "இப்பவே சொல்லிடுங்கப்பா" என்றேன். "சர்க்கரைன்னு நானா சொன்னேன்?" என்றார்.

இதுவரை சொன்னதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் சித்ராதேவி வந்தாள். அடுத்த சந்தில் இருக்கிறாளே, அம்மா தமிழ், அப்பா பர்மாக்காரர், புருஷனை இழந்தவள், ஷ்வேப்யிதாவில் சோப்புக் கம்பெனிக்குப் போகிறவள். நமக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவளுடைய ஒரே மகன் ரவி நிஜமாகவே அந்தக் கப்பலில் இருக்கிறான். சைமனும் அதில்தான் என்று யாரோ சொல்லி, துணைக்கு ஓடி வந்திருக்கிறாள். அவள் தமிழ் பாதி, பர்மியம் பாதி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பிள்ளை எஞ்சினா டெக்கா, ரவி டெக், ரெண்டு பேரும் ஒரே மொழி, ஒண்ணாத்தான் இருப்பாங்க, என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்ததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

போகும்போது, ஞாயிற்றுக்கிழமை தானும் சபைக்கு வரலாமா என்று கேட்டாள். புத்தர் கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவள். வாம்மா என்றார் அப்பா.

நீ நல்லாயிருக்கிறாய் என்று தெரிந்தும் எனக்கு நேற்றெல்லாம் பயமாக இருந்தது. பொய்க்குச் சொன்னது பலித்துவிட்டால்? படகில் ஏறாதே. கரையோடு நடந்து போ.

சாரா


லான்மடாவ்
15 டிசம்பர் 2008, திங்கள்

தம்பி,

நவம்பரில் எழுதிய உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வழக்கம் போல் சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன். பென்சிலையும் முழங்காலையும் விடவில்லை. "எந்த வீட்டுக்குத் திரும்புவது" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். கூடத்தில் பத்திரிகை மடிக்கும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் ஆளைக் காணோம், வெளியே போய்விட்டார்.

நேற்று ஆராதனை. கோயில் நிறைந்துவிட்டது. புயலில் பறந்த கூரைக்குப் பதில் போட்ட புதுத் தகரத்தில் வெயில் இறங்கி ஒரே புழுக்கம். சித்ராதேவி முதல் வரிசையில், மடியில் பூவோடும் மெழுகுவத்தியோடும். எங்கே வைக்க வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரை கையிலேயே வைத்திருந்தாள். அப்பா பட்டியலை எடுத்துக்கொண்டு ஏறினார். ஏழு பெயர் வாசித்தார். நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எட்டாவது பேரு இதுல இருக்கக் கூடாது. என் மகன் எந்தக் கப்பல்லயும் இல்ல. மார்மன் சபையில சேந்துக்கிட்டு ஏதோ ஒரு தீவுல ஊழியம் பண்றான். அத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. பொய் சொன்னேன். இந்தம்மா மகன்தான் அந்தக் கப்பல்ல இருக்கான், பேரு ரவி. எனக்காக ஒரு வாரம் பட்டினி கிடந்தீங்க. அதையெல்லாம் அவன் பேருக்கு மாத்திடுங்க."

சித்ராதேவிக்குத் தமிழ் புரியவில்லையோ என்று பார்த்தேன். நன்றாகப் புரிந்திருந்தது. எழுந்தாள், பூவை பென்ச்சிலேயே விட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். துணை என்று நம்பி வந்தவள் தனியாகப் போனாள். அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அப்பா செயலாளர் சாவியைப் போதகர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை. மீதிப் பேர் பேசுகிறார்கள், அது இன்னும் கஷ்டம். தூக்குச் சட்டிகளைக் கழுவி வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தி நேராகவே கேட்டாள், பொய்க்கு நாங்க கோழி ஆக்கிப் போட்டோமா என்று. ஆமாம், நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல.

கப்பலைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

டெலிபோனைப் பற்றிக் கேட்டேன். வர மாட்டேன் என்கிறார். உன்மேல் கோபமில்லையாம். "எந்த முகத்த வச்சுக்கிட்டு அவன்கிட்ட பேசுறது" என்கிறார். உன் பக்கம் கோபம் தீர்ந்தால் அவர் பக்கம் வெட்கம். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால்தான் சரிப்படும். இந்தக் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

சாரா


நோனுரா தீவு
21 டிசம்பர் 2008

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகப் படகு வரவில்லை. எஞ்சின் பழுதாம். கடிதமும் இல்லை, மாவும் இல்லை, மண்ணெண்ணெயும் தீரப் போகிறது. தீவில் யாரும் இதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊர் மண்டபத்தில் நான்கு நாள் விருந்து, எல்லாச் சபையும் சேர்ந்து. பாட்டும் ஆட்டமும் ஒத்திகை நடக்கிறது. எல்டர் ஃபினாவ் ஆடினால் தரை அதிர்கிறது. என்னையும் ஆடச் சொல்கிறார்கள்.

நான் சாயங்காலங்களில் இயோதேபா என்பவர் வீட்டில் சாப்பிடுகிறேன். மரம் ஏறுகிறவர். என்னை மகனே என்றுதான் கூப்பிடுவார். அதில் ஒரு விஷயம் இருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டும். எழுதி அடித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் போகட்டும், பிறகு எழுதுகிறேன்.

இன்னும் நான்கு நாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா வரவில்லை என்றால் அந்தத் தாள் வேண்டியதில்லை.

பயமாக இருக்கிறது அக்கா.

சைமன்


லான்மடாவ்
28 டிசம்பர் 2008, ஞாயிறு

என் தங்கத் தம்பி,

பேசிவிட்டாய், ஆனாலும் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நாலே நிமிஷம், அதில் மூன்று நிமிஷம் இரைச்சல். அதனால் இந்தப் பக்கம் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி கப்பல் கிடைத்துவிட்டது! எஞ்சின் நின்று, ரேடியோவும் கெட்டு, பதிமூன்று நாள் கடலில் மிதந்திருக்கிறது. வேறொரு கப்பல் பார்த்து இழுத்து வந்துவிட்டது. இருபத்தொரு பேரும் உயிரோடு. செய்தி கேட்டதும் அப்பா வாசல் படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அம்மா சாவுக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். சித்ராதேவி வீட்டுக்குப் போய்ப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அப்பா ஆராதனைக்கே வரவில்லை. நான் போய்விட்டு வந்து, பதினொன்றரைக்கு அமீர் அலி அண்ணன் கடைக்குக் கிளம்பினேன். "வாங்கப்பா" என்றேன். தலையை ஆட்டிவிட்டார். அப்போது மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம். சித்ராதேவி. கையில் ஒரு பெரிய சட்டி, தேங்காய்ப் பால் ஊற்றிய கவ்சுவே நூடுல்ஸ். ரவி முந்தின நாள் போன் பேசிவிட்டானாம். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, யாருக்குப் போன், எங்கே கிளம்பினாய் என்று என்னிடம் பர்மியத்தில் கேட்டாள். சொன்னேன். அப்பா வர மாட்டேன் என்கிறார் என்றும் சொன்னேன்.

அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, உங்க மேல எனக்குக் கோவம். இன்னும் இருக்குது. ஆனா நான் பதிமூணு நாள் பிள்ள குரல் கேக்காம செத்துக்கிட்டு இருந்தேன். உங்க பிள்ள கூப்பிடுறான், நீங்க வேணாங்குறீங்களா? எழுந்திரிங்க."

எழுந்தார். செருப்புக்கூட மாட்டவில்லை.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் ஆனது. கடையில் பாதித் தெரு நின்றது. மணி அடித்ததும் அமீர் அலி அண்ணன் எடுத்து, இங்கிலீஷில் யெஸ் யெஸ் என்றார். அப்புறம் குழாயைக் கையால் பொத்திக்கொண்டு, முழி பிதுங்க அப்பாவைப் பார்த்து, "அண்ணே, ஞானசுந்தரம்னு ஒருத்தர் பேசணுமாம். நீங்கதான் இங்க நிக்கிறீங்களே?" என்றார்.

அப்பா வாங்கினார். நீ என்ன சொன்னாய் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. கடைசியில் கத்தினார் பார், "கப்பல் கிடச்சிடுச்சுடா!" என்று. ஒன்பது மாசம் பேசாத மகனிடம் பேசின முதல் வார்த்தை. நீ அங்கே என்ன நினைத்திருப்பாய் என்று யோசித்து நான் இப்போது வரை சிரிக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை பேச விடவில்லை, அதற்குள் லைன் போய்விட்டது. செத்த குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கீழே வைத்ததும் அமீர் அலி அண்ணனிடம் சொன்னார், "அங்க ஒருத்தருக்கும் அவன் பேரு தெரியாதாம். சட்டையில என் பேருதான் எழுதியிருக்காம். எல்லாரும் அவன ஞானசுந்தரம்னுதான் கூப்பிடுறாங்களாம்." சித்ராதேவியிடம் சொன்னார். எதிர்க்கடை ரஹ்மத்துல்லா பாயிடம் போய்ச் சொன்னார். சாயங்காலம் போதகரிடம் சொன்னார். மார்மன் ஊழியக்காரர்கள் குடும்பப் பெயரைத்தான் சட்டையில் குத்தும் பெயர்ப் பட்டையில் போடுவார்கள் என்றும், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அப்பா பெயர் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்றும் நான் விளக்கிப் பார்த்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. நீயே கேட்டு எழுதி வாங்கினதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் விட்டுவிட்டேன்.

இன்று ஆராதனைக்கு வந்தார். சாவியைப் போதகர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டியல் வாசித்தார். ஏழு பெயர், எட்டாவது ரவி. அப்புறம் தாளைப் பார்க்காமல், "சைமன். தீவுல இருக்கான். வேற சபை. என் மகன்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

எனக்கு இனிமேல் வரைபடம் தேவையில்லை. எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

உன்
சாரா அக்கா


நோனுரா தீவு
20 ஜனவரி 2009

அன்புள்ள அக்கா,

உன் மூன்று கடிதங்களும் ஒரே படகில் நேற்று வந்தன. தேதி பார்த்து வரிசையாக வைத்து, கரையில் கவிழ்த்திருந்த ஒரு தோணிமேல் உட்கார்ந்து படித்தேன். எல்டர் ஃபினாவ் என் முகத்தைப் பார்த்துவிட்டு யார் இறந்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை, எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று "கப்பல் கிடச்சிடுச்சு" என்று அப்பா சொன்னதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். "நான் கப்பல்ல இல்லப்பா, தீவுல இருக்கேன்" என்று கத்தினேன். "தெரியும்டா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று அவரும் கத்தினார். அதற்கு அர்த்தம் நேற்றுத்தான் புரிந்தது.

இப்போது நான் எழுதி அடித்த விஷயம்.

இங்கே ஊர் மண்டபத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் தூண் பக்கம் ஓர் இடம் உண்டு. அப்பன், பாட்டன் உட்கார்ந்த இடத்தில்தான் மகன் உட்கார வேண்டும். புதிதாக வந்தவனை நடுவில் நிற்க வைத்து, உன் அப்பா யார் என்று கேட்பார்கள். சர்க்கரைக் கப்பலைப் பற்றிய உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் என்னைக் கேட்டார்கள். எனக்கு நெஞ்செல்லாம் ஆத்திரம். அப்பா இல்லை, இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். சட்டையில் அவர் பெயரை மாட்டிக்கொண்டு சொன்னேன் அக்கா. பொய்யைப் பற்றி உனக்குப் பிரசங்கம் எழுதி அனுப்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை.

மண்டபமே உச்சுக் கொட்டியது. இயோதேபா எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தன் தூண் பக்கம் உட்கார வைத்துக்கொண்டார். இங்கே தத்து எடுப்பது அவ்வளவு சுலபம். அதன்பின் ஒரு மாதம் மீனில் நல்ல துண்டெல்லாம் எனக்குத்தான், அப்பா இல்லாத பிள்ளை என்று.

டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தா பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடம் இப்படிக் கத்தினாய் என்றார். சந்தோஷத்தில் மறந்துபோய், "என் அப்பா" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊழியக்காரனின் செத்துப்போன அப்பா போன் பண்ணினார் என்று தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. நானூறு பேர் என்னையே பார்த்தார்கள். நடுவில் போய் நின்றேன். என் அப்பா உயிரோடு இருக்கிறார், அவர்மேல் கோபம், அதனால் பொய் சொன்னேன் என்றேன். அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த வார்த்தைகளே அவ்வளவுதான்.

இயோதேபா எழுந்தார். கோபம் என்றால் கோபம் என்று சொல்வதுதானே, இங்கே எல்லாருக்கும் அப்படி ஓர் அப்பா உண்டு என்றார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பிறகு, பிழைத்து வந்த என் அப்பாவுக்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். நானும் ஆடினேன். அவ்வளவு லேசாக நான் இருந்ததே இல்லை.

சட்டைப் பட்டையைப் பற்றி அப்பாவுக்கு விளக்க வேண்டாம். அவர் நினைப்பதே இருக்கட்டும்.

அவர் சபை முன்னால் நின்று சொன்னதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே இன்னோர் உறை இருக்கிறது, அவர் பெயருக்கு. அவரை ஒரு மாதம் நான் சாகடித்து வைத்திருந்ததை அதில் எழுதியிருக்கிறேன். இதை நீ சமையலறையில் நின்று படிக்காதே. அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே போய் நில். சிரித்தாரா என்று மட்டும் எனக்கு எழுது.

சைமன்